உப்புக்காற்றில் நின்ற ஷண்டிங் எஞ்சினை ஓட்டிப் பார்த்தது

கிணறு வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் டிராக்டர் கம்ப்ரெசரை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து 3 கேஜி (சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ) அழுத்தத்தில் காற்று கொடுத்ததில், மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி காம்பவுண்டுக்குள் பல வருடமாக அசையாமல் நின்ற ஷண்டிங் எஞ்சின் (யார்டில் பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கிற சின்ன நீராவி எஞ்சின்) முப்பது அடி முன்னால் போய், அதே முப்பது அடி பின்னால் வந்து நின்றது. அது இனி நீராவியில் ஓடாது, ஓட்டுகிற எண்ணமும் இல்லை. ஆனால் சக்கரம், ராடு, பிஸ்டன், வால்வு எல்லாம் வேலை செய்கின்றன. கடலோரத்தில் பழைய இரும்பை வைத்துக்கொண்டு முழிக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் ரயில்வே ஆள் இல்லை, போட் எஞ்சின் வேலை பார்க்கிறவன். ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், இரண்டு பையன்கள், இவ்வளவுதான் என் பட்டறை.

எஞ்சின் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடுவது. நாலே சக்கரம், நாலும் இழுக்கிற சக்கரம். தண்ணீர்த் தொட்டி பாய்லர் முதுகில் சேணம் போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். சிலிண்டர் 9 இஞ்ச் விட்டம், பிஸ்டன் ஓட்டம் 14 இஞ்ச், சக்கர விட்டம் இரண்டரை அடி. தண்ணீரும் கரியும் இல்லாமல் 15 டன் பக்கம் வரும். ஐஸ் கம்பெனி ஓனரை எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வாப்பா ஒரு சர்க்கரை ஆலை சைடிங்கில் நின்றதைப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு வாங்கி, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து, அறுபது அடி தண்டவாளம் போட்டு நிறுத்திவிட்டார். அப்போது பாம்பன் வழியாகப் போன ரயிலும் மீட்டர் கேஜ்தான். 2007-ல்தான் அகலப்பாதை வந்தது.

எனக்குத் துணையாக வந்தவர் மதுரை லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். ஒய்பி, ஒய்ஜி என்ற மெயின் லைன் மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின்களில் கை கருத்தவர். ஒய்பி எஞ்சினின் சக்கரம் நாலரை அடி. இந்த இரண்டரை அடிச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இது ஓடுறதுக்கு இல்ல தம்பி, தள்ளுறதுக்கு" என்றார். சின்னச் சக்கரம் வேகம் தராது, இழுவை தரும். தொட்டியின் பாரமும் பாய்லரின் பாரமும் நாலு சக்கரத்திலேயே விழுவதால் வழுக்காது. இரண்டு அச்சுக்கும் நடுவே தூரம் குறைவு என்பதால் யார்டில் எந்த வளைவிலும் திரும்பும். அவருடைய அப்பா 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் தனுஷ்கோடி வரை போன லைனில் எஞ்சினுக்குக் கரி போடுகிற பயர்மேன். அந்தக் காலத்தில் போட் மெயில் ரயிலில் வந்த ஜனங்கள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போனார்கள். பயணி இறங்கியதும் பெட்டிகளைப் பிரித்து, திருப்பி, அடுக்கி வைக்க வேண்டும். பெயர் வாங்குவது மெயில் எஞ்சின், இடுப்பு ஒடிவது ஷண்டிங் எஞ்சினுக்கு என்பார் ஐயா.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் ஐயா எதையும் கழற்ற விடவில்லை. டார்ச் அடித்து, தேய்மானத்தை மட்டும் பார்த்தார். எஞ்சின் முன்னால் போகவா பின்னால் போகவா என்று மாற்றுகிற ரிவர்சிங் லீவர் நிற்பதற்கு வளைந்த ஒரு பல்லுத் தகடு உண்டு. அதில் இரண்டு கோடிப் பற்களும் மழுங்கி உருண்டைக் குழியாகிக் கிடந்தன. நடுவில் இருந்த பற்களோ அரம் போட்டு எடுத்த அன்று இருந்த கூர்மை மாறாமல் இருந்தன. மெயின் லைனில் டிரைவர் வண்டி வேகம் எடுத்ததும் லீவரை நடுப்பக்கம் கொண்டுவந்து நீராவியை மிச்சம் பிடிப்பார். ஷண்டிங்கில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. முழுசா முன்னால், முழுசா பின்னால், நாள் பூரா இதேதான். ஹேண்ட்பிரேக் திருகிலும் அப்படித்தான், நாலு விரல் அகலத்துக்கு மட்டும் மரை தேய்ந்திருந்தது. இடப்பக்கம் பின்னால் இருக்கும் கால்படியின் விளிம்பு, பெட்டி கோக்கிற ஆள் ஏறி ஏறி நின்றதில், கத்திபோல மெலிந்திருந்தது.

பெயின்டிங் கான்ட்ராக்ட் கேட்டு வந்த ஒருவர், "இதையெல்லாம் வெல்டிங்ல நிரப்பி, பட்டி பார்த்து, புதுசாக்கிடலாம்" என்றார். காக்காவுக்கும் ஆசை வந்துவிட்டது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த எஞ்சின் செய்த வேலைக்கு இருக்கிற கணக்குப் புத்தகம் அந்தப் பல்லும் படியும்தான். துரு தின்றதை நிறுத்த வேண்டும், கை தேய்த்ததைத் தொடக் கூடாது. இந்த ஒரு விதியை முதலிலேயே முடிவு செய்ததால் பின்னால் பல தகராறு மிச்சம்.

அடுத்தது துரு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. கடலைப் பார்த்த பக்கம்தான் மோசமாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஐஸ் கம்பெனி வடகடல் ஓரம். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் சாரல் நேராக எஞ்சின் மேல்தான் விழும். ஆனால் அந்தப் பக்கத்துத் தகடு ஓரளவு நன்றாக இருந்தது. எதிர்ப்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மழையே படாத பக்கம், சொறி பிடித்துக் கிடந்தது. தொட்டியின் அடிவயிறு, ஃபிரேமின் உள்பக்கம், சக்கரத்துக்குப் பின்னால் எல்லாம் அதே கதை. விஷயம் எளிதானது: கடல் இரண்டு பக்கமும் உப்பைக் கொண்டுவந்து வைக்கிறது, மழை ஒரு பக்கத்தை மட்டும் கழுவிவிடுகிறது. மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் துரு ஆராய்ச்சி நிலையம் இருப்பது சும்மா இல்லை. இரும்பைத் தின்பதில் இந்தக் காற்றுக்கு அப்படி ஒரு பேர்.

பாய்லரைச் சுற்றிய மேல்தகட்டைக் கழற்றியபோது உள்ளே வெள்ளையாக, நார் நாராக, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பொதி. ஐயா பையன்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பழைய எஞ்சின்களில் சூடு தங்குவதற்கு ஆஸ்பெஸ்டாஸ் அடைப்பார்கள். அதன் தூசி நுரையீரலுக்கு எமன். உலர விடவே கூடாது, சுரண்டக் கூடாது, துடைப்பத்தால் கூட்டக் கூடாது. அபாயக் கழிவு எடுக்க அனுமதி உள்ள ஆட்களை வரவழைத்து, ஈரமாகவே இரட்டைப் பையில் கட்டி அனுப்பும்வரை வேலையை நிறுத்திவிட்டோம். உங்கள் எஞ்சினில் வெள்ளை நார் தெரிந்தால் நீங்களும் அங்கேயே நிறுத்துங்கள்.

அந்தப் பொதி அகன்ற பிறகு பாய்லர் தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கேஜ் வைத்து அளந்தோம். அளக்கிற ஆளுக்கு 4,500 ரூபாய். மேல்பக்கம் 12.4 மில்லி வந்தது. ஈரப்பொதி ஒட்டிக்கிடந்த அடிப்பக்கத்தில் 7.6, ஒரு இடத்தில் 6.9. பாய்லருக்கு முன்னால் புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் புகை அறையான ஸ்மோக்பாக்ஸின் அடித்தகட்டுக்குக் கேஜே தேவைப்படவில்லை. பழைய சாம்பலில் ஈரம் இறங்கி அமிலமாகி, தகட்டில் விரல் நுழைகிற ஓட்டை. இந்தியாவில் 1923-லிருந்தே பாய்லருக்கென்று தனிச் சட்டம் உண்டு. சான்றிதழ் இல்லாமல் நெருப்பு மூட்ட முடியாது, மூட்டவும் கூடாது. இந்தப் பாய்லருக்கு எந்த இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட மாட்டார். நீராவிக் கனவு அதோடு முடிந்தது. காக்கா முகம் வாடிப் போனார். காற்று கொடுத்து ஓட்டலாம் என்ற யோசனை ஐயாவுடையது. பாய்லருக்குள் காற்றை ஏற்றக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். தண்ணீர் அடைத்துச் சோதித்தால் கசிந்து நிற்கும், காற்று அடைத்தால் வெடிக்கும். அதனால் ஸ்மோக்பாக்ஸுக்குள்ளேயே நீராவிக் குழாயைக் கழற்றி, பாய்லர் பக்கத்தை மூடிவிட்டு, காற்றை நேராக சிலிண்டர்களுக்குக் கொண்டுபோவது என்று முடிவானது.

முதலில் கழுவல். சுரண்டுவதற்கு முன்னால் உப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வயர் பிரஷ் உப்பை இரும்புக்குள் தேய்த்துவிடும். காம்பவுண்டு போர் தண்ணீரைத்தான் பிரஷர் பம்ப்பில் போட்டு அடித்தோம். காய்ந்ததும் ஒரு கை அகலத்துக்குத் துடைத்துப் பார்த்தால் மறுநாளே ஆரஞ்சு நிறத்தில் பூத்துவிட்டது. அப்புறம்தான் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு பாட்டில் வாங்கினேன். தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால்போல் திரியும். போர் தண்ணீர் மோராகவே ஆகிவிட்டது. வாயில் வைத்தால் அவ்வளவாகக் கரிக்காத தண்ணீர்தான், இருந்தும் இப்படி.

அதனால் மழைக்குக் காத்திருந்தோம். ஐப்பசி மழையில் ஐஸ் கம்பெனி தகரக்கூரைத் தண்ணீரை, முதல் மழையைத் தள்ளிவிட்டு, இரண்டு சின்டெக்ஸ் டேங்க்கில் பிடித்தோம். அதைக் கொண்டு அடித்து, வழிகிற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, சொட்டு விட்டு, திரியாமல் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவல். வெளித்தகடு சீக்கிரம் சுத்தமாகிவிட்டது. ஃபிரேமில் இரண்டு தகடு சேருகிற சந்துகளில் மட்டும் பால் நின்றபாடில்லை. ரிவிட் வரிசைக்கு நடுவே துரு உப்பித் தகட்டையே வளைத்திருந்த இடங்கள் அவை. சந்துக்குள் குழாய் முனையை வைத்து, ஊறவிட்டு, மறுபடி அடித்து, ஒருவழியாகத் தெளிந்தது.

சுரண்டும்போது தெரிந்தது, வருஷா வருஷம் அடித்த கருப்புப் பெயின்ட்டே ஒன்றரை மில்லி கனம். அடுக்குக்கு நடுவே துரு, துருவுக்கு மேல் பெயின்ட். ஒவ்வொரு கொப்புளத்தைக் குத்தினாலும் பழுப்புத் தண்ணீர். தொட்டிக்கு மட்டும் கார்னெட் மணல் பிளாஸ்டிங் செய்தோம். "கடற்கரையில இல்லாத மணலா?" என்று ஒருத்தர் கேட்டார். உப்பு மணலால் உப்பை எடுப்பது எப்படி என்று நான் கேட்டேன், போய்விட்டார். இன்னொருத்தர் போட்டில் கட்டுகிற மாதிரி ஜிங்க் கட்டை கட்டச் சொன்னார். அது தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தால்தான் வேலை செய்யும், காற்றில் நிற்கும் எஞ்சினுக்கு அலங்காரம்.

இனி அசைக்கிற கதை. முன்னொரு காலத்தில் யாரோ டிராக்டர் கட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். சக்கரம் சுற்றாமல் எஞ்சின் அப்படியே சறுக்கியிருக்கிறது. சக்கரப் பட்டையில் தேய்ந்த தட்டையான இடம் இருக்கிறது. நாலு சக்கரமும் இரண்டு பிஸ்டனும் ராடுகளால் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும்போது எது இறுகியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? ராடுகளை எல்லாம் இறக்கி ஒவ்வொன்றையும் தனியாக்குவதுதான் ஒரே வழி.

ராடு பின்களின் நட் ஒன்றும் அசையவில்லை. கேஸ் விளக்கால் நட்டைச் சுட்டு, சுட்ட இடத்தில் மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சிக்கொண்டு போகும். ஆறியதும் முக்கால் அங்குல டிரைவ் சாக்கெட், அதற்கு நாலடி பைப். போட் எஞ்சினில் தினமும் செய்கிற வேலை, இங்கேயும் பலித்தது. ஒன்று மட்டும் ஒடிந்தது. அதை லேத்தில் புதிதாகக் கடைந்தேன்.

ராடு இறங்கியபின் இருபது டன் ஜாக்கி வைத்து ஒவ்வொரு அச்சாகத் தூக்கிப் பார்த்தோம். முன் அச்சு கையாலேயே சுற்றியது. பின் அச்சின் வலது ஆக்சில் பாக்ஸுக்கு (அச்சு உட்கார்ந்து சுற்றுகிற பெட்டி) அடியில் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் மழைத்தண்ணீர். எண்ணெய் ஊட்டுகிற கம்பளிப் பட்டை மட்கி மண்ணாகியிருந்தது. அச்சில் குழி விழுந்த இடங்களை எமரி நாடாவால் குறுக்காக இழுத்து மழமழப்பாக்கி, புதுக் கம்பளியும் ஃபெல்ட்டும் வைத்துத் தைத்துப் போட்டோம். ஐயா ஊசி நூலோடு உட்கார்ந்து தைத்தது பார்க்க வேண்டிய காட்சி.

பிஸ்டன்தான் பாடாய்ப் படுத்தியது. முன் மூடிகளைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்தோம். இடப்பக்கம் ஜாக்கியின் முதல் நாலு அழுத்தத்திலேயே கரகரவென்று நகர்ந்தது. வலப்பக்கம் மசியவில்லை. வார்ப்பு இரும்பு வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிப்போயிருந்தன. கேஸ் விளக்கால் சிலிண்டரைச் சுடலாம் என்றேன், ஐயா கையைப் பிடித்துவிட்டார். வார்ப்பு இரும்பில் ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறினால் விரிசல் விடும், விட்டால் அந்தச் சிலிண்டர் போனதுதான்.

நிற்கிறது ஐஸ் கம்பெனியில். சிலிண்டருக்கு வெளியே கோணிச் சாக்கைச் சுற்றி, பெரிய அண்டாவில் கொதிக்க வைத்த தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றினோம். கை வைக்க முடியாத சூடு வந்ததும், உடைத்த ஐஸை உப்புத் தொடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, பிஸ்டன் முகத்தில் அப்பி, மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தோம். கணக்கு இதுதான்: இரண்டுக்கும் 60 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் 229 மில்லி விட்டத்தில் 0.15 மில்லி இடைவெளி கூடும். துருவை வெடிக்க வைக்க அது போதும். பத்து நிமிடம் கழித்து ஐஸை எடுத்துவிட்டு, வேப்பங்கட்டை முட்டுக்கொடுத்து ஜாக்கியை அழுத்தினான் பெரிய பையன். ஒன்றுமில்லை. இன்னொரு அழுத்தம். உள்ளே சின்னதாக 'டக்' என்று ஒரு சத்தம், ஜாக்கி கைப்பிடி தொளதொளவென்று இளகியது. ஓரத்தில் மயிரிழை அகலத்துக்குப் பளபளப்பான வளையம் ஒன்று தெரிந்தது, துரு விட்ட இடம். அதற்கப்புறம் அங்குலம் அங்குலமாக வந்தது.

வளையங்கள் நாலும் உடைந்தே வெளியே வந்தன. வார்ப்பு இரும்புக் குழாய்த் துண்டு வாங்கி லேத்தில் கடைந்தேன். வாயிடைவெளி 0.8 மில்லி விட்டேன். சிலிண்டர் சுவரில் குழிகள் இருக்கின்றன. நீராவிக்கு அது போதாது, எங்கள் காற்றுக்குப் போதும் என்று எமரி மட்டும் போட்டு விட்டுவிட்டோம். பிஸ்டன் ராடு வெளியே வருகிற இடத்தில் கசிவை அடைக்கும் கிளாண்டுக்கு கிராபைட் கயிறு. வளையம் 11,000, கயிறு 2,800.

ராடுகளைத் திரும்ப மாட்டும்போது ஐயா ஒன்றைக் கவனிக்கச் சொன்னார். ராடு மாட்டுகிற சக்கரத்தின் இடது, வலது கிராங்க் பின்கள் ஒன்றுக்கொன்று கால் சுற்றுத் தள்ளி இருக்கும். ஒரு பிஸ்டன் கோடியில் போய் நின்றாலும் மற்றது நடுவில் இருக்கும், அதனால் எந்த நிலையில் நிறுத்தினாலும் எஞ்சின் கிளம்பும். நாள் முழுக்க நின்று கிளம்புகிற வண்டிக்கு உயிரே அதுதான்.

காற்று கொடுக்க முதலில் பஞ்சர் கடை கம்ப்ரெசர் கொண்டுவந்தோம். டேங்க் நிறைந்து, வால்வைத் திறந்தால், புகைபோக்கி வழியாக 'உஸ்' என்று மொத்தக் காற்றும் போய்விட்டது. சக்கரம் துளிகூட அசையவில்லை. காரணம் இரண்டு. நீராவியைச் சிலிண்டரின் இரண்டு கோடிக்கும் மாற்றி மாற்றி விடுகிற ஸ்லைடு வால்வு இந்த எஞ்சினில் செங்குத்தாக நிற்கிறது. நீராவியின் அழுத்தம்தான் அதைத் துளை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும். அழுத்தம் இல்லாதபோது விலகி நிற்கும், மெதுவாகத் திறந்தால் காற்று சந்து வழியே ஓடிவிடும். முகங்கள் இரண்டிலும் ப்ளூ (உயர்ந்த இடத்தைக் காட்டும் நீல மை) தடவி, ஒட்டிப் பார்த்து, ஸ்க்ரேப்பரால் உயர்ந்த இடங்களைச் சீவினோம். நீலம் முகம் முழுக்கப் பரவலாக ஒட்டும்வரை சீவல்தான். என் மணிக்கட்டு வீங்கியது இந்த வேலையில்தான்.

இரண்டாவது காரணம் காற்றின் அளவு. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, இரண்டு சிலிண்டரும் சேர்ந்து நாலு தடவை நிறைய வேண்டும். லீவரை முழுதாகத் தள்ளிய நிலையில், 2 கேஜியில், ஒரு சுற்றுக்கு 130 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்றால் 46 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 46 கன அடி). பஞ்சர் கடை கம்ப்ரெசர் பத்து தந்தால் அதிகம். கிணற்றுப் பாறை உடைக்கிற டிராக்டர் கம்ப்ரெசர் நூறுக்கு மேல் தரும். மணிக்கு 1,200 ரூபாய், மூன்று மணி நேரம். ஒன்றரை அங்குல ஹோஸ், கையால் திறக்கிற பால் வால்வு, 3.5 கேஜியில் திறக்கிற சேஃப்டி வால்வு. சேஃப்டி வால்வில் மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஐயா ஒரு நல்ல காரியம் செய்தார். எஞ்சினில் இருக்கிற பழைய லூப்ரிகேட்டர் நீராவி குளிர்ந்து தண்ணீராகி எண்ணெயைத் தள்ளுவதால் வேலை செய்வது. காற்று தண்ணீராகாது, ஆகவே அது சும்மா நிற்கும். அதற்குப் பதிலாக ஹோஸ் வழியில் ஏர் டூல்களுக்கு வைக்கிற ஆயிலரை வைத்தோம். அது இல்லாமல் ஓட்டியிருந்தால் சீவிய வால்வு முகம் ஒரே மணி நேரத்தில் கோடு போட்டிருக்கும்.

தண்டவாளத்தின் இரண்டு கோடியிலும் தென்னங்கட்டை அடுக்கி, ஆட்களை விலக்கி, சிலிண்டர் வடிகால் எல்லாம் திறந்து வைத்து, வால்வை ஒரே மூச்சில் திறந்தேன். வடிகாலில் கருப்பு எண்ணெய் பீய்ச்சி அடித்தது. 2 கேஜியில் முனகிக்கொண்டு நின்றது, 3 கேஜியில் கிளம்பியது. ஐயா லீவரைக் கோடிப் பல்லில் போட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுக்கு நாலு 'சக்' வர வேண்டும், இரண்டு பலமாகவும் இரண்டு நோஞ்சானாகவும் வந்தன. "இடப்பக்க வால்வு பின்னால நிக்குது தம்பி" என்றார். மூடியைத் திறந்தால், ஸ்பிண்டில் நட் இரண்டு மரை விலகி இருந்தது. சரிசெய்து மாட்டியதும் நாலும் ஒரே சீராக வந்தன. மூன்று மணி வாடகையில் பாதி இந்தத் திறந்து மூடலில் போயிற்று.

பெயின்ட். இந்த ஊரில் இரும்பைக் காப்பாற்றப் பாம்பன் பாலத்தைப் பார்த்தால் போதும். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது என்றால், அது எஃகின் பெருமை மட்டும் இல்லை, இடைவிடாமல் சுரண்டிப் பூசிய கேங்குகளின் பெருமையும்தான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சு. அதை விலை கேட்டேன், வாயை மூடிக்கொண்டேன். நாங்கள் அடித்தது ஜிங்க் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் மைக்கா கலந்த எபாக்ஸி, கடைசியில் பியூ (பாலியூரிதேன்) கருப்பு. மொத்தம் 62,000. காலை பத்து மணிக்கு முன்னால் தகட்டில் பனி ஈரம் இருக்கும், சாயங்காலம் நாலுக்கு மேல் உப்பு ஈரம் இறங்கும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் மட்டும்தான் பிரஷ் எடுத்தோம். ஒரு கோட் அடித்துவிட்டு ராத்திரி தாண்டினால், அடுத்த கோட்டுக்கு முன்னால் மறுபடி மழைத்தண்ணீரில் துடைத்தோம். ராடு, கிராஸ்ஹெட் (பிஸ்டன் ராடும் சக்கர ராடும் சேருகிற சறுக்குக் கட்டை), லீவர் பற்களுக்குப் பெயின்ட் கிடையாது. கிரீஸ் தடவினால் மணல் ஒட்டி உப்புத்தாளாகிவிடுகிறது, அதனால் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய்.

செலவில் பெரிய உருப்படி 1,40,000-க்குப் போட்ட கூரைதான். அதில்தான் எனக்கும் காக்காவுக்கும் இன்னும் வாக்குவாதம். கூரை போட்டால் மழை படாது, மழை படாவிட்டால் உப்பைக் கழுவ ஆள் வேண்டும். சுவரோரத்துப் பக்கம் கற்றுக்கொடுத்தது அதைத்தானே. மாதம் ஒரு முறை டேங்க் தண்ணீரில் தலை முதல் அடிவயிறு வரை கழுவ ஒத்துக்கொண்டால்தான் கூரை என்று நிபந்தனை போட்டேன். இப்போதைக்கு ஐஸ் உடைக்கிற பையன் ஒருத்தன் கழுவுகிறான், அவனுக்குத் தனியாகக் கூலி உண்டு. கூலி, கேஸ் எல்லாம் சேர்த்து மூன்றேகால் லட்சத்துக்குப் பக்கம் வந்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் எடுத்த செலவு தனி.

இன்னொரு முறை செய்தால் முதல் நாளே சில்வர் நைட்ரேட் பாட்டிலோடு போவேன், கூரைத் தண்ணீர் பிடிக்கிற டேங்க்கை ஆவணியிலேயே வைத்துவிடுவேன். ஃபிரேம் சந்துகளைப் பெயின்டுக்கு முன்னால் சீலன்ட் போட்டு அடைப்பேன். இப்போது இரண்டு இடத்தில் ரிவிட் தலையைச் சுற்றிப் பழுப்புக் கசிவு எட்டிப் பார்க்கிறது, அந்த இடங்களைத் திறந்து மறுபடி கழுவ வேண்டியிருக்கும். தொட்டிக்கும் பாய்லருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பழையபடி எதையும் அடைக்காமல் காற்றோட்டமாக விட்டிருக்கிறேன். அது சரியா என்று ஒரு வாடைக்காலம் போனால்தான் தெரியும். ஸ்மோக்பாக்ஸ் அடிக்கு 6 மில்லி தகடு வெட்டி வைத்தாயிற்று, ரிவிட்டா போல்ட்டா என்று ஐயாவோடு பேசி முடிக்க வேண்டும். ரிவிட் அடிக்கிற கை பொன்மலைப் பட்டறைப் பக்கம் இன்னும் இருக்கிறது, நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களை அங்கேதானே பார்க்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆள் கிடைத்தால் ரிவிட்டே போடலாம் என்பது என் கட்சி.

காக்கா இப்போது கேட்பது விசில். 3 கேஜி காற்றுக்கு விசில் ஊதும், தனியாக அரை அங்குல லைன் இழுத்தால் போதும். ஆனால் விசில் வால்வின் கன்மெட்டல் உடம்புக்குள் இரும்பு ஸ்பிண்டில் பிடித்துக்கிடக்கிறது. கழற்றி டீசல் வாளியில் போட்டு வைத்திருக்கிறேன்.